மானியத்தை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்

கோத்தகிரியில் என் வீட்டு மேசையில் ஓர் இளம் இயக்குநர் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கவிழ்த்தார். இரண்டு மழைக்காலம் கண்ட படப்பிடிப்பின் ரசீதுகள் அத்தனையும் அதில் இருந்தன. பாதிக்கு மேல் வெற்றுத் தாள். பெட்ரோல் பங்க்கிலும் ஓட்டலிலும் கொடுக்கும் வழவழப்பான தாளில் எழுத்து நாள்பட நிற்காது. இந்த மலையின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம் மங்கிவிடும். ஜெனரேட்டர் வாடகை எவ்வளவு என்பது அவருக்கே நினைவில்லை. நல்ல படம்தான் எடுத்திருந்தார். ஆனால் உதவி கேட்டுப் போகும் இடத்தில் முதலில் கேட்பது கணக்கை.

அதைவிடப் பெரிய தவறு, மானியத்தை முதலீட்டோடு சேர்த்துக் கணக்குப் போடுவது. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட தரமான தமிழ்ப் படங்களுக்குத் தமிழக அரசு 7 லட்சம் ரூபாய் மானியம் வழங்கிவந்திருக்கிறது. படம் எடுக்கத் தரும் பணம் அல்ல அது. படம் முடிந்து, தணிக்கைச் சான்று பெற்று, திரைக்கு வந்து, தேர்வுக் குழு பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே கிடைக்கும். ஆண்டுகள் கழித்துக் கிடைத்தவர்களும் உண்டு. அந்த 7 லட்சத்தை நம்பி வீட்டு நகையை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். வட்டி மாதாமாதம் தவறாமல் ஏறும்; குழு எப்போது கூடும் என்பது நம் கையில் இல்லை. மானியம் வராவிட்டாலும் படம் முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் திரைக்கதையைச் சுருக்குங்கள், படப்பிடிப்பு நாட்களைக் குறையுங்கள்.

அடுத்தது, தவறான நேரத்தில் கதவைத் தட்டுவது. 1975-ல் உருவான தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் கோவாவில் நடத்தும் பிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தையில், எழுதிக்கொண்டிருக்கும் கதைக்கும் இடம் உண்டு, முதல் படத்தொகுப்பில் நிற்கும் படத்துக்கும் இடம் உண்டு. ஒலிக்கலவை வரை எல்லாம் முடித்துவிட்டு அங்கே ஆலோசனை கேட்டுப் போனால், அவர்கள் சொன்னபடி படத்தைத் திருத்த வழி இருக்காது. தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றின் தேதிதான் கணக்கு. டிசம்பரில் முடித்த படத்துக்கு ஜனவரியில் சான்று வாங்கினால் அது அடுத்த ஆண்டுப் படம். சான்றில் தயாரிப்பாளர் பெயர் ஒருவிதமாகவும் வங்கிக் கணக்கில் வேறுவிதமாகவும் இருப்பது சின்ன விஷயமாகத் தோன்றும்; அதற்காக மாதக்கணக்கில் அலைய நேரிடலாம்.

அனுமதி விஷயத்தில், கலெக்டர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து மலையேறுகிறார்கள். ஊட்டியின் தாவரவியல் பூங்கா தோட்டக்கலைத் துறையிடம், பைன் காடு வனத்துறையிடம், மலை ரயில் தெற்கு ரயில்வேயிடம் இருக்கிறது. தேயிலைத் தோட்டம் என்றால் உரிமையாளர். ஒரு காட்சியில் எருமையை நடக்க வைப்பதாக இருந்தாலும் விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் எடுத்த காட்சி தணிக்கையில் சிக்கும். முன்பு சென்னையில் இருந்த அந்த வாரியத்தின் அலுவலகம் இப்போது ஹரியானாவின் பல்லப்கரில் இருக்கிறது. குழந்தை நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். இதைச் சுமையாக நினைப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. மூடுபனியில் அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பி நிறுத்தப்பட்ட ஒரு பிள்ளையின் உதடு நடுங்குவதை நேரில் பார்த்திருக்கிறேன்.

உதவி என்றால் காசோலை மட்டும்தான் என்று எண்ணுவதும் தவறு. ஊட்டிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பிலிம் சுருளுக்கு வெளிநாட்டை எதிர்பார்த்திருந்த காலத்தில், அதை இங்கேயே தயாரிக்க அரசு 1960-ல் தொடங்கியது இந்து நகரின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். அந்த ஆலை இன்று இல்லை. ஆனால் தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, புனேயில் பயிற்சி நிறுவனமும் 1964 முதல் பழைய படங்களைக் காத்துவரும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. இவற்றின் பக்கமே போகாமல் மானியப் படிவத்தை மட்டும் தேடுகிறோம்.

பிஸ்கட் டப்பா இயக்குநர் இப்போது அடுத்த படத்தில் இருக்கிறார். தினமும் இரவு ஜெனரேட்டரை நிறுத்துவதற்கு முன் அன்றைய ரசீதுகளைப் படம் பிடித்து, நகல் எடுத்து, தேதி எழுதிய உறையில் போடுகிறார். உறைகளை எவர்சில்வர் தூக்குவாளியில் வைத்து இறுக மூடுகிறார், ஈரம் புகாதபடி.