கிளார்க்ஸ்டேல் ப்ளூஸ் விழாவுக்கு ஜோடியாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால், மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் வரும். 15,000 பேர்கூட இல்லாத ஊர். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசைக்காக 2004-இல் தொடங்கிய ஜூக் ஜாயின்ட் விழா இங்கே ஏப்ரலில் நடக்கிறது. பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்கள் வாரக்கடைசியில் குடித்து, ஆடி, பாட்டுக் கேட்ட சின்னக் கூடங்களுக்குத்தான் ஜூக் ஜாயின்ட் என்று பெயர்.

பெயரே இப்படி இருக்க, பகலில் மட்டும் வந்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். தெருமேடைகளில் இலவசமாகப் பாட்டு, குட்டிப்பன்றிப் பந்தயம், தின்பண்டக் கடைகள் எல்லாம் உண்டு. ஆனால் அது திருவிழாக் கடைவீதி. கச்சேரி களைகட்டுவது இரவில், கிளப்புகளுக்குள். அதற்குக் கையில் கட்டும் பட்டையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அறையை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் வேறு ஊரில்தான் தங்க நேரும்; அப்புறம் இரவு யார் குடிக்காமல் வண்டி ஓட்டுவது என்ற சண்டை வேறு.

என் கணக்கில் பெரிய தவறு இதுதான்: ஒரே பட்டைக்கு எல்லாக் கிளப்பும் திறந்திருக்கிறதே என்று பத்து நிமிடத்துக்கு ஓர் இடமாக ஓடுவது. ப்ளூஸில் பெரும்பாலும் 12 பார் (தாளக் கட்டங்கள்) கொண்ட ஒரே சுற்று, மூன்றே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்). முதல் அடியை இரண்டு முறை பாடி, மூன்றாவது அடியில் பதில் சொல்வார்கள். பத்து நிமிடம் கேட்டவருக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அரை மணி உட்கார்ந்தால்தான், பாடகர் நிறுத்திய இடத்தில் அவருடைய கிதாரே பதில் பேசுவது காதில் விழும். ஒருவருக்கு உட்கார ஆசை, மற்றவருக்குக் கால் நிற்காது என்றால், பகலில் தனித்தனியே சுற்றுங்கள். கணவன் மனைவி என்றால் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டா திரிய வேண்டும்? இரவுக்கு மட்டும் இரண்டே இடங்களைப் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

சின்னக் கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கதை பேசாதீர்கள். நீங்கள் பேசுவது பாடகருக்கே கேட்கும். டிப்ஸ் வாளியில் போட ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் இருக்கட்டும். காதடைப்பானும் தேவை, ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம் அந்த நாற்சந்தி. பழைய 61, 49 நெடுஞ்சாலைகள் சந்தித்த இடத்தில் கிதார்கள் வைத்த கம்பத்தின் கீழ் செல்ஃபி எடுக்கவே நேரம் போகிறது. பழைய ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் கிதார் வித்தைக்காகச் சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற இடமாம். டாமி ஜான்சன் என்ற இன்னொரு பாடகரைப் பற்றியும் அவருடைய அண்ணன் இதே கதையைத்தான் சொன்னார்! ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரத்தை டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் ஸ்டோவால் பண்ணையில் குடியிருந்த மரவீடு அங்கே இருக்கிறது. 1941-இல் நாட்டுப்பாடல்களைத் தேடிப் பதிவு செய்த ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தப் பண்ணைக்குத்தான் அவரைத் தேடிப் போனார்.

ஞாயிறு காலையிலேயே பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். கேட் ஹெட் என்ற இசைக்கடை வாசலில் அன்றும் பாட்டு உண்டு, காசு கிடையாது. மடக்கு நாற்காலி இருந்தால் இரண்டு எடுத்துப் போங்கள்.