கார் ஷெட் தரை: டைல்ஸா, எப்பாக்ஸியா? பணத்தை விழுங்கும் தவறுகள்

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் கார் நிறுத்தும் இடத்துக்கு எப்பாக்ஸி (தரையில் பரப்பினால் இறுகிவிடும் ரெசின் பூச்சு) கேட்கிறார்கள். ராணிப்பேட்டை கம்பெனிகளில் பளபளவென்று இருக்கும் தரையைப் பார்த்துவிட்டு வருகிற ஆசை அது. இந்த வேலைக்குப் புதிதாக வந்த பையன்களும் சரி என்று இறங்கிவிடுகிறார்கள். நாங்கள் தொழில் பழகும்போது எங்கே சறுக்கினோமோ, அதே இடத்தில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். தூசி கூட்டாமல் அடிப்பது, ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கக் கலக்கும் திரவம்) அளவு தப்புவது மாதிரியானவற்றை டப்பாவில் இருக்கும் குறிப்பே சொல்லிவிடும். அது சொல்லாதவை வேறு.

மண்ணின் ஈரத்தைப் பார்க்காமல் எப்பாக்ஸி அடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

காட்பாடியில் ஏரியை ஒட்டிய ஒரு வீடு. மே மாதம் எப்பாக்ஸி அடித்திருக்கிறார்கள். தரை வறண்டு கிடந்தது, வேலையும் அழகாகத்தான் முடிந்தது. ஐப்பசி மழை பிடித்த பிறகு தரையெங்கும் கொப்புளம். கட்டைவிரலால் ஒன்றை அழுத்தினேன். ஓரம் கிழிந்து தண்ணீர் கசிந்தது. வீட்டுக்காரர், "அண்ணே, மேலே ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தலையே, இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

கீழேயிருந்துதான் வந்தது. மண்ணில் இருக்கும் ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஆவியாக மேலேறும். வெறும் சிமென்ட் தரையாக இருந்தால் அது தெரியாமல் காற்றோடு போய்விடும். எப்பாக்ஸி அந்த வழியை மூடிவிடுகிறது. போக வழியில்லாத ஈரம் பூச்சை அடியிலிருந்து தள்ளித் தூக்குகிறது. கான்கிரீட் போடும்போதே அடியில் பாலித்தீன் ஷீட் விரித்திருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். நம் ஊரில் கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து, அதன் மேல் நேராக ஜல்லி போடுவதுதான் வழக்கம்.

சோதனைக்குச் செலவே இல்லை. ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தடித்த பாலித்தீன் ஷீட்டை வெட்டி, நாலு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ எப்பாக்ஸி பேச்சை நிறுத்திவிடுங்கள். இதைக் கோடையில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பாலாற்றங்கரை, ஏரிக்கரை வீடுகளில் மழைக்குப் பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் ஆகும் வரை எதுவும் அடிக்கக் கூடாது. அதற்குப் பிறகும் இந்தச் சோதனை உண்டு.

ஈரம் தாங்கும் ப்ரைமர் (எப்பாக்ஸிக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) கிடைக்கிறது, விலை கூடுதல். அந்த வீட்டில் பழைய பூச்சு முழுவதையும் கிரைண்டர் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டுப் பார்க்கிங் டைல்ஸ் போட்டார்கள். ஒரே தரைக்கு இரண்டு தரைச் செலவு, நடுவில் சுரண்டுகூலி வேறு. மழை வரை பொறுத்து ஷீட் ஒட்டிப் பார்த்திருந்தால் முதலிலேயே டைல்ஸ் போட்டிருக்கலாம். ஈரத் தரையில் டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூக்கும், துடைத்துக்கொள்ளலாம்.

வழவழப்பான தரை மேலேயே அடிப்பது

நம் கொத்தனார்கள் கடைசியில் சிமென்ட் பால் ஊற்றிக் கரணையால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி முடிப்பார்கள். எப்பாக்ஸிக்கு அது ஆகாது. அந்த மேல்தோல் பலமில்லாதது. சூடான டயர் நின்று நகரும்போது பூச்சோடு சேர்ந்து உரிந்து வரும். உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறச் சிமென்ட் தூள் ஒட்டியிருக்கும். தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சாமல் முத்து முத்தாக நின்றால் டைமண்ட் கிரைண்டர் ஓட்டாமல் ப்ரைமரைத் திறக்காதீர்கள்.

வெயில் விழும் போர்டிகோவில் எப்பாக்ஸி

வேண்டாம். மஞ்சளடிக்கும்.

ஹாலில் மிஞ்சிய டைல்ஸைக் கார் ஷெட்டில் போடுவது

பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸில் மழைத்தண்ணீர் பட்டால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். வீணாகிறதே என்று அந்த நாலு பாக்ஸைப் பார்க்காதீர்கள். சொரசொரப்பான, தடித்த பார்க்கிங் டைல்ஸ்தான் இதற்கு.

அதையும் நாலு மூலையில் நாலு உருண்டை கலவை வைத்து ஒட்டினால் நடுவில் வெற்றிடம் நிற்கும். பஞ்சர் போட ஜாக்கி வைக்கிற அன்றைக்கு விரிசல் விடும். கூலி கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு டைலையும் மரக்கட்டையால் தட்டுங்கள். பானையைத் தட்டியது போல ஓசை வந்தால் அதைப் பெயர்த்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

கத்திரி வெயிலில் முழு டப்பாவையும் கலப்பது

பாதித் தரை முடிவதற்குள் வாளியிலேயே சூடேறி இறுகிவிடும். காலையிலேயே ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உடனே தரையில் ஊற்றிப் பரப்புங்கள்.

வாட்டம்

தண்ணீர் வெளியே ஓடத் தரைக்கு 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு வேண்டும். எப்பாக்ஸி பூச்சு வாட்டம் தராது, இருக்கிற பள்ளத்தை அப்படியே காட்டும்.

ஆயில் சிந்துகிற பட்டறை, கூரைக்குள், தரையும் காய்ந்தது என்றால் தயங்காமல் எப்பாக்ஸி அடிக்கலாம். இடுக்கே இல்லாததால் துடைத்தால் போய்விடும். வீட்டில் ஒரு காரும் இரண்டு பைக்கும் நிற்கத்தான் என்றால் பார்க்கிங் டைல்ஸ் போதும். உடைந்ததை மட்டும் பெயர்த்து மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒரு பாக்ஸ் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள். அப்புறம் கடையில் போய்த் தேடினால் அதே நிறம் கிடைக்காது.