டெல்டாவில் எருக்கூடம் தொடங்குகிறீர்களா? விதிமுறைகளைப் படிப்படியாகப் பார்ப்போம்

கடைத்தெருவின் காய்கறிக் கழிவு, கல்யாண மண்டபத்து எச்சில் இலை, கோயில்களில் கழித்துப் போடும் மாலை. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என எந்த ஊரை எடுத்தாலும் இதற்குப் பஞ்சமே இல்லை. இதை மக்கவைத்து எருவாக்கி விற்க நினைப்பவர்களுக்காகத்தான் இந்த விளக்கம். தினமும் சில நூறு கிலோ கழிவு எடுக்கும் சிறிய கூடத்தை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தரச் சோதனை நடப்பது கடைசியில், எரு மூட்டைக்குப் போகும் நேரத்தில். ஆனால் அந்த அறிக்கையில் வரும் ஒவ்வொரு எண்ணும் அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது: உலோக அளவு வாசலில், உப்பு தண்ணீர்க் குழாயில், கிருமி குவியலின் சூட்டில். அதனால் விதிகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தால்தான் எதை எங்கே கவனிக்க வேண்டும் என்று புரியும்.

படி 1: எந்தச் சட்டம் எங்கே பிடிக்கும்

வீட்டுக் கொல்லையிலோ சொந்த வயலுக்கோ எரு போடுபவருக்கு இந்தக் காகிதங்கள் தேவையில்லை. ஊர்க் கழிவை வாங்கி, மக்கவைத்து, விற்கும்போதுதான் மூன்று இடத்தில் சட்டம் வருகிறது.

உள்ளே வரும் கழிவுக்கு, சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-இன் கீழ் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள். 2016-இல் வந்த விதிகள்தான் இத்தனை நாள் அடிப்படை. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் புதிய விதிகள் வந்துவிட்டன. ஈரக்கழிவு, உலர்கழிவு, சானிட்டரி கழிவு, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரித்துக் கொடுப்பது அதில் கட்டாயம். கீழே தரை, வடிகால் பற்றி நான் சொல்லும் அளவுகள் 2016 விதிகளின் இரண்டாம் அட்டவணையில் உள்ளவை. விண்ணப்பிக்கும்போது புதிய விதிகளின் பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நிலம், நீர், காற்று இவற்றுக்கு, தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் வாரியம் இசைவாணை, அதாவது தொழில் நடத்த ஒப்புதல், தருகிறது. வெள்ளை வகை, அதாவது மாசு மிகக் குறைந்த தொழில் என்றால் இசைவாணை வேண்டாம், தகவல் தெரிவித்தால் போதும். உங்கள் கூடம் எந்த வகை என்பதை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். 2016 விதிகளின்படி நாளொன்றுக்கு 5 டன்னுக்கு மேல் கையாளும் கூடம் என்றால் வாரியத்தின் தனி அனுமதியும் வேண்டியிருந்தது.

வெளியே போகும் மூட்டைக்கு, உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985. இது வேளாண்மைத் துறையின் பொறுப்பு.

டெல்டாவில் ஒரு சந்தேகம் அடிக்கடி வரும். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எருக்கூடத்தைத் தடுக்குமா? தடுக்காது. அந்தச் சட்டம் தடுப்பது தோல் பதனிடும் ஆலை, உலோக உருக்காலை, எண்ணெய் எரிவாயு எடுப்பு போன்ற தொழில்களை.

படி 2: தரை

கொட்டகையை விடத் தரைக்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும். குவியல் போடும் இடம் தண்ணீர் இறங்காத தரையாக இருக்க வேண்டும் என்கிறது விதி. சிமெண்ட் கான்கிரீட் போடலாம், அல்லது 50 சென்டிமீட்டர் கனத்துக்கு இறுக்கிய களிமண் போடலாம். அந்தக் களிமண்ணில் நீர் இறங்கும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு மூன்று சென்டிமீட்டர் அளவு.

‘நம்ம மண்ணே களிமண்தானே, அப்படியே போடலாமே’ என்று தோன்றும். பழைய டெல்டாவின் களிமண் ஈரமாக இருக்கும்வரை நன்றாகத்தான் பிடிக்கும். சித்திரை வெயிலில் அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துவிடும். ஆடியில் புதுத் தண்ணீர் வரும்போது குவியலின் கசிவு அந்த வெடிப்பு வழியே நேராக உள்ளே போகும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணும் மணல்சாரியும் கேட்கவே வேண்டாம், நீரைப் பிடித்து நிறுத்தாது. என் யோசனை: கடன் வாங்கியாவது கான்கிரீட் போட்டுவிடுங்கள். நிலத்தடி நீர் மேலேயே கிடக்கும் ஊரில், பக்கத்து வீட்டு அடிபம்புத் தண்ணீருக்கு நீங்கள்தான் பொறுப்பு.

தரைக்கு 1 முதல் 2 சதவீதம் சரிவு வேண்டும். 10 மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் இறக்கம். நான்கு பக்கமும் பூசிய வடிகால், அது போய் விழ ஒரு தொட்டி. தொட்டியில் சேரும் கறுப்புத் தண்ணீரை வாய்க்காலில் விடவே கூடாது. காய்ந்த குவியலின் மேல் திரும்ப ஊற்றலாம், விதியும் அதைத்தான் சொல்கிறது.

இடம் தேடும்போது ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200 மீட்டர் என்று சிலர் சொல்வார்கள். அது குப்பை புதைக்கும் கிடங்குக்கான தூரம். எருக்கூடத்துக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் நான்கு திசையிலும் வாய்க்கால் ஓடும் ஊரில், முடிந்தவரை அந்தத் தூரம் தள்ளி இடம் பார்ப்பது நல்லது. காற்று வீசிப் போகும் பக்கத்து எல்லையில் நாற்றம் வருகிறதா என்பதையும் அதிகாரிகள் பார்ப்பார்கள்.

படி 3: கூரை

நூறு சதுர மீட்டர் தரையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் ஒரே ராத்திரியில் இவ்வளவு பெய்வது நம் பக்கம் புதிதல்ல. அது முழுவதும் குவியலில் இறங்கினால் எந்தத் தொட்டியும் தாங்காது. எருவில் இருக்கும் சாம்பல் சத்தும் கரைந்து ஓடிவிடும். ஆகவே முழுக் கூரை வேண்டும், கூரைத் தண்ணீர் போகத் தனி வழி வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு தகரத்தை எப்படிப் பிணைக்க வேண்டும் என்று கடலோரத்துக் கொத்தனார்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 4: வாசலில் பிரிப்பது

என்னைக் கேட்டால் மொத்த விதிகளிலும் உயிரான இடம் இதுதான். ஏனென்றால் உலோகம் மக்காது. ஒரு டன் ஈரக்கழிவு மக்கி, காய்ந்து, சலித்த பிறகு 200 முதல் 300 கிலோ எருதான் மிஞ்சும். உள்ளே வந்த உலோகம் அவ்வளவும் அந்தக் கால் பங்குக்குள் செறிந்து நிற்கும்.

உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கழிவு எருவுக்கு உள்ள உச்ச வரம்பு, ஒரு கிலோவுக்கு மில்லிகிராமில்: ஆர்சனிக் 10, காட்மியம் 5, குரோமியம் 50, தாமிரம் 300, ஈயம் 100, பாதரசம் 0.15, நிக்கல் 50, துத்தநாகம் 1000. காட்மியத்தை மட்டும் பாருங்கள். ஒரு டன் எருவுக்கு மொத்தமே 5 கிராம். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்றுக்குள்ளேயே சில கிராம் இருக்கும். அது உடைந்து குவியலில் கலந்தால் அப்புறம் எந்த நுண்ணுயிரும் எந்தச் சல்லடையும் உங்களைக் காப்பாற்றாது.

அதனால் கழிவு இறங்கும் இடத்தில் ஒரு மேசை போட்டு, கையால் பிரியுங்கள். பேட்டரி, டியூப்லைட், பெயிண்ட் டப்பா, மாத்திரை அட்டை எதுவும் தாண்டக் கூடாது. மாலைகளில் ஜரிகையும் நைலான் நூலும் இருக்கும், அறுத்து எடுக்க வேண்டும். சாக்கடை கலக்கும் குளத்து வெங்காயத்தாமரையை இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளாதீர்கள். தண்ணீரில் உள்ள உலோகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி அது.

பிரிப்பவர்களுக்குக் கையுறை, முகக்கவசம், காலணி, மழைக்கோட்டு, சீருடை கொடுப்பது சட்டப்படி உங்கள் கடமை.

படி 5: குவியலும் சூடும்

காய்கறிக் கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், வைக்கோலில் கரிமம் (கார்பன்) அதிகம். கரிமம் தழைச்சத்தைப் போல 25 முதல் 30 மடங்கு இருக்கும்படி கலந்து தொடங்க வேண்டும். சம்பா அறுவடை முடிந்ததும் தை, மாசியில் வைக்கோல் உருளைகளை வாங்கி அடுக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் ஈரக்கழிவு கொழகொழவென்று வரும்போது கைகொடுப்பது அதுதான். ஒரு அடுக்கு கழிவு, ஒரு அடுக்கு நறுக்கிய வைக்கோல் அல்லது வாழைச்சருகு, மேலே சாணிப்பால். உயரம் ஒன்றரை மீட்டர் போதும்.

ஈரத்துக்குப் பதம், புட்டு மாவு. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டினால் வைக்கோல் சேருங்கள்.

முடிந்த எருவில் நோய்க்கிருமி இருக்கவே கூடாது என்பது ஆணை. அதற்கு வழி சூடுதான். அமெரிக்காவில் கழிவுநீர்ச் சேற்றை மக்கவைப்பதற்கான விதி, நீளக் குவியலில் 55 டிகிரி செல்சியஸ் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும் என்கிறது. நமக்கு அது சட்டமில்லை, ஆனால் பின்பற்றத் தகுந்த அளவு. நீளக் கம்பி வைத்த வெப்பமானி வாங்கி, குவியலின் நடுவே குத்திப் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்ட வேண்டும், ஏனென்றால் ஓரம் சூடாவதே இல்லை.

தெளிக்கும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்தில் ஆழ்குழாய் நீர் உப்பு. எருவில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டக் கூடாது. உப்பு நீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால் நீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கும். ஊறுகாயும் குழம்பும் ஊறிய ஓட்டல் கழிவும் அதே வேலையைச் செய்யும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்தால் அங்கே பாதிக் கவலை தீரும்.

படி 6: ஆறவைத்து, சலித்து, சோதனைக்கு

சூடு தணிந்த பிறகும் சில வாரம் அப்படியே ஆறட்டும். கறுப்பாக, மண் வாசனையோடு இருக்க வேண்டும். ஆணைப்படி, 4 மில்லிமீட்டர் சல்லடையில் குறைந்தது 90 சதவீதம் இறங்க வேண்டும். ஈரம் 15 முதல் 25 சதவீதம், கார அமில நிலை (pH) 6.5 முதல் 7.5, கரிமம் குறைந்தது 12 சதவீதம், கரிமத் தழைச்சத்து விகிதம் 20-க்குக் கீழ். தழைச்சத்து குறைந்தது 0.8, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தலா 0.4 சதவீதம்.

மாதிரி எடுக்கும்போது மேலாக ஒரு கைப்பிடி அள்ளாதீர்கள். குவியலின் பத்துப் பன்னிரண்டு இடத்தில், உள்ளிருந்து எடுத்துக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கிலோ அளவு வரும்வரை இப்படியே குறையுங்கள்.

படி 7: விற்பனை

மூட்டையில் அடைத்து விற்க உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அனுமதி வேண்டும். உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் தொடங்குங்கள். வாங்குபவர் அங்ககச் சான்று (இயற்கை விவசாயத்துக்கான சான்று) பெற்ற விவசாயி என்றால், ஊர்க் கழிவில் செய்த எருவைப் போடலாமா என்று அவருக்குச் சான்று கொடுத்தவர்களிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள். தெரியாமல் போட்டு அவருடைய சான்று போனால் பாவம், பல வருஷ உழைப்பு.

முதல் குவியலின் சோதனை அறிக்கை கைக்கு வரும்வரை சாக்கில் பெயர் அச்சடிக்கக் கொடுக்காதீர்கள். ஏதாவது ஒரு எண் தவறியிருந்தால் நோட்டைப் புரட்டி, அந்தக் கழிவு எந்த மண்டபத்திலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்து, அங்கிருந்து சரிசெய்யத் தொடங்குங்கள்.