பழைய ராணுவ ரைஃபிளில் முதல் கிளப் போட்டி: புதிதாக வருகிறவர்களுக்கு

டர்பன் பக்கம் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு, புதிதாக வரும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணா, எந்த ரைஃபிள் வாங்கலாம்?" என்பதுதான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம் தம்பி, முதலில் சுட்டுப் பார் என்பேன். பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டோ ஜெர்மன் மவுசரோ, ஒவ்வொரு தோட்டாவையும் ஒரே மாதிரி ஏற்றி, ஒரே மாதிரி படுத்து, ஒரே மாதிரி விசையை இழுக்கிறவருக்குத்தான் புள்ளி கிடைக்கும். அதைக் கற்றுக்கொள்ள இரவல் ரைஃபிள் போதும்.

படி 1: இரவல் வாங்கிச் சுடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் வைத்திருப்பவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால் அவருடைய துப்பாக்கியை இன்னொருவர் பாதுகாப்பாகச் சுடலாம். கிளப்பில் கேளுங்கள். பழைய ரைஃபிள் வைத்திருக்கும் பெரியவர்கள் பெரும்பாலும் ஆசையோடு கொடுப்பார்கள். தோட்டா செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்வது மரியாதை.

சொந்தமாக வாங்கும் காலம் வந்தால் பயிற்சி, தகுதிச் சான்றிதழ், பிறகு அந்தத் துப்பாக்கிக்கான உரிமம் என்று வரிசையாகப் போக வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும், தரச்சான்று பெற்ற இரும்புப் பெட்டி வீட்டில் இருக்க வேண்டும். ரைஃபிளில் 'டி.பி.' என்று முத்திரை இருந்தால் அது கவாத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது, சுடக் கூடாது. போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் தண்டு) எண்ணும் உடலின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எண் ஒத்துப்போனாலும் துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய போல்ட்டுக்கும் குழலில் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

படி 2: கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று .303 தோட்டா போடும் லீ-என்ஃபீல்டு. மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 10 தோட்டா பிடிக்கும். மற்றொன்று போயர்கள் (இங்கே குடியேறிய டச்சு வழிவந்த வெள்ளையர்கள்) வைத்திருந்த 7 மில்லிமீட்டர் மவுசர். 5 தோட்டாவைக் கிளிப்போடு வைத்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளிவிடலாம். அந்த வேகத்தை 1899–1902 போயர் போரில் பட்டுத் தெரிந்துகொண்ட பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் ரைஃபிளையும் கிளிப்பில் நிரப்பும்படி மாற்றினார்கள். 1907இல் வந்த மார்க் 3 லீ-என்ஃபீல்டின் மேலே உள்ள அந்த இரும்புப் பாலம் அதற்காகத்தான்.

நம் ஆட்களுக்கும் இந்தப் போரில் பங்கு உண்டு. 1899 டிசம்பரில் கொலென்சோவிலும் அடுத்த மாதம் ஸ்பியன் கோப்பிலும் காயம்பட்ட சிப்பாய்களைத் தோளில் தூக்கி வந்தது காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை. சுமார் 1,100 பேர். பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை, ஸ்ட்ரெச்சர்தான் இருந்தது. மவுசரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன்.

படி 3: கட்டளைகளுக்குக் காது கொடுங்கள்

குழல் எப்போதும் டார்கெட் பக்கம். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே. "லோட்" என்று சொன்ன பிறகுதான் தோட்டாவைத் தொட வேண்டும். "சீஸ் ஃபயர்" என்று யார் கத்தினாலும், நேற்று சேர்ந்த பையன் கத்தினாலும், அந்த நொடியே நிறுத்த வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலைத் திருப்பாமல் 30 நொடி காத்திருந்து, அப்புறம் போல்ட்டைத் திறங்கள். காது அடைப்பான், கண்ணாடி இரண்டும் இல்லாமல் வரிசையில் படுக்கவே கூடாது.

படி 4: தோட்டா ஏற்றுவது

.303 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேகசினில் ஒன்றின் மேல் ஒன்று வைக்கும்போது, மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொள்ளும். நேரம் குறித்த சுற்றில் இப்படி மாட்டினால் அந்தச் சுற்றே போச்சு. வீட்டில் மருந்தில்லாத டம்மி தோட்டாக்களை வைத்து, கண்ணால் பார்க்காமலே விளிம்பைத் தடவி அடுக்கப் பழகுங்கள்.

இன்னொன்று: இந்த இரண்டு ரைஃபிள்களிலும் போல்ட்டை மூடும்போதுதான் சுடும் ஊசியின் ஸ்பிரிங் இறுகும். பாதியில் கை தடுக்கும். பயப்படாமல் ஒரே தள்ளாகத் தள்ளி மூடுங்கள்.

படி 5: படுத்து, குறி பார்த்து, இழுப்பது

சுமார் 4 கிலோ எடை. ரைஃபிளின் தோள்வாரை இடது கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டால் எடையை வார் தாங்கும், தசை தாங்க வேண்டியதில்லை. கட்டையின் பின்பக்கத்தைத் தோள்குழியில் நன்றாக இழுத்துப் பிடியுங்கள். இடைவெளி விட்டால் பித்தளைத் தகடு தோளில் நீலம் போட்டுவிடும். பிறகு கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி டார்கெட்டை விட்டு விலகியிருந்தால் கையால் திருப்பாதீர்கள், இடுப்பை நகர்த்துங்கள்.

குழல் முனையில் உள்ள முன் குறி, கண்ணுக்குப் பக்கம் உள்ள பின் குறி, டார்கெட் மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. தெளிவாகத் தெரிய வேண்டியது முன் குறிதான். கறுப்பு வட்டம் மங்கலாகவே இருக்கட்டும். அதன் அடிவிளிம்பில் முன் குறியின் தலையை உட்கார வையுங்கள்.

ராணுவ விசை இரண்டு கட்டம். முதல் கட்டம் லேசாக வந்து ஒரு இடத்தில் நிற்கும். அங்கே மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அழுத்தத்தை மெல்லக் கூட்டுங்கள். வெடி எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியாமல் வர வேண்டும். எட்டு நொடிக்குள் வராவிட்டால் விரலை எடுத்துவிட்டு மறுபடி மூச்சு வாங்கித் தொடங்குங்கள். வெடித்த பிறகும் ஒரு நொடி விசையைப் பிடித்தபடியே முன் குறியைப் பாருங்கள்.

படி 6: குறியைச் சரிசெய்வது

ஐந்து குண்டு சுட்டு, அவை ஒரே இடத்தில் கூடுகின்றனவா என்று பாருங்கள். சிதறினால் தப்பு பெரும்பாலும் நம்மிடம். குறியைத் தொட வேண்டாம். ஒரே இடத்தில் கூடி, ஆனால் ஓரமாகப் போனால், குண்டுகள் போன பக்கமே முன் குறியை நகர்த்த வேண்டும். இடப்பக்கம் போனால் இடப்பக்கம். மார்க் 3இல் இரண்டு குறிக்கும் இடையே ஏறக்குறைய அரை மீட்டர்தான். அதனால் முன் குறியை 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர் மாறிவிடும். முடியளவு தட்டுங்கள், அதையும் ரைஃபிளின் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு.

இந்த ரைஃபிள்கள் தூரத்துக்கென்று செய்தவை. மார்க் 3இன் பின் குறி 200 கெஜத்தில் தொடங்குகிறது. 100 மீட்டரில் சற்று மேலே அடிக்கும். மவுசர் பெரும்பாலும் இன்னும் மேலே அடிக்கும். அதற்குத் தகுந்தபடி குறியைக் கீழே பிடித்துக்கொள்ளலாம்.

படி 7: போட்டி நாள்

கிளப்புக்குக் கிளப் விதி மாறும். பொதுவாகத் தொலைநோக்கி கூடாது, ரைஃபிள் பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும். கணக்கில் சேராத சில குண்டுகள் முதலில், பிறகு கணக்குக்குப் பத்து. நடு வட்டத்துக்கு 5 புள்ளி என்றால் முழு மதிப்பெண் 50. வேகச் சுற்றும் இருக்கலாம். முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் சிப்பாய் 300 கெஜத்தில் ஒரு நிமிடத்தில் 15 குண்டு சுட வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த வேகம் வேண்டாம். ஐந்து சுட்டு ஐந்தும் பட்டால், பத்துச் சுட்டு மூன்று பட்டவரை ஜெயித்துவிடலாம்.

மதியம் பிராய், அதாவது இறைச்சி சுடும், அடுப்பு மூட்டுவார்கள். புரட்டாசியில் போட்டி வந்தால் ரொட்டியும் பீன்ஸ் கறியும் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போங்கள். பக்கத்து வரிசையில் படுத்தவரும் கேட்பார்.

படி 8: அன்று இரவே துடையுங்கள்

புதுத் தோட்டா என்றால் வழக்கமான எண்ணெய் போதும். பழைய ராணுவத் தோட்டா என்றால் அதன் அடியில் உள்ள பற்றவைக்கும் மருந்திலிருந்து (பிரைமர்) உப்பு குழலில் தங்கும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் சீக்கிரம் துரு பிடித்துவிடும். குழலில் கொதிநீரை ஊற்றி, துணி போட்டு ஈரம் போக இழுத்து, அப்புறம் எண்ணெய் தடவுங்கள். போல்ட்டின் முகத்தையும் மறக்க வேண்டாம். மறுநாள் வெள்ளைத் துணி ஒன்றை விட்டு இழுத்துப் பாருங்கள். பழுப்பாக வந்தால் கொதிநீரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.