பக்கவாத நோயாளிக்கு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை பலரிடமும் உண்டு. அது பாதிதான் சரி. 5 நாடுகளில் 2104 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, அடிக்கடியும் நீண்ட நேரமும் படுக்கையை விட்டு எழுப்பப்பட்டவர்களில், 3 மாதங்களுக்குப் பின் நல்ல நிலையில் இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தனர். ஆகவே முதல் நாளில் நீண்ட பயிற்சிக்கு அவசரப்படக் கூடாது. அதற்காக நாள்கணக்கில் படுக்க வைத்துவிடவும் கூடாது. நிலை சீரானதும் சிறுசிறு பொழுதாகத் தொடங்கி, உட்கார வைக்கும் முன்னும் பின்னும் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது தோள்பட்டை விஷயத்தில் நடக்கும் அலட்சியம். தோள்மூட்டின் குழி ஆழமற்றது. மேற்கை எலும்பை அதில் நிறுத்தி வைப்பதில் சுற்றியுள்ள தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை தளர்ந்ததும் கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கிறது. தோள் முனைக்கு அடியில் விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படும். இந்த நிலையில் கையைப் பிடித்து இழுத்தோ, அக்குளில் கை கொடுத்தோ நோயாளியைத் தூக்கினால், பல மாதங்கள் நீடிக்கும் வலிக்கு வழிசெய்கிறோம். தலைக்கு மேல் கட்டிய கப்பிக் கயிற்றால் கையை ஏற்றி இறக்குவதும் இதே ஆபத்தைக் கொண்டது. தூக்கும்போது இடுப்பையோ தோள்பட்டை எலும்பையோ தாங்க வேண்டும். உட்கார்ந்திருக்கையில் முழங்கை முதல் உள்ளங்கை வரை தலையணையில் இருக்க வேண்டும்.

நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்க, கைகால்களை அடுத்தவர் மடக்கி நீட்டுவதோடு சிகிச்சையை முடித்துவிடுவது இன்னொரு பெருந்தவறு. அது மூட்டு இறுகாமல் காக்க உதவலாம். ஆனால் மூளை மீண்டும் கற்க, நோயாளியே முயல வேண்டும். கட்டிலிலிருந்து எழுவது, குவளையை எட்டி எடுப்பது போன்ற செயல்களையே, துளி அசைவுதான் வருகிறது என்றாலும், திரும்பத் திரும்பச் செய்விக்க வேண்டும். நல்ல கையாலேயே எல்லாம் நடந்துவிட்டால், பாதிக்கப்பட்ட கையைப் பயன்படுத்தாத பழக்கம் வேரூன்றிவிடும்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர் தம் இடப்பக்கத்தையே கவனிப்பதில்லை. தட்டின் இடப்பாதி உணவு அப்படியே கிடப்பதைப் பார்த்து அவர் அடம்பிடிக்கிறார் என்று கடிந்துகொள்வது அநியாயம். வேறு சிலர் உட்கார்ந்தபடியே நல்ல கையால் தம் உடலைப் பலவீனமான பக்கத்தை நோக்கித் தள்ளுவார்கள். எதிர்த்துத் தள்ளினால் இன்னும் பலமாகத் தள்ளுவார்கள். எதிரே கதவு நிலை போன்ற செங்குத்தான பொருளைக் காட்டி, தாமாகவே நிமிரச் செய்வதே பலன் தரும்.

பேச்சைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுபவருக்கு நீளமாக விளக்குவதைவிட ஒருமுறை செய்து காட்டுவது மேல். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் பிடித்துவிடக் கூடாது, இரத்தக்கட்டியாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இவையெல்லாம் இயன்முறை மருத்துவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது. அவர் கவனமாகக் காத்த தோளை, இரவில் படுக்கை விரிப்பு மாற்றுபவர் அறியாமல் இழுத்துவிடக்கூடும். எந்தப் பக்கம் பலவீனம், எப்படித் தூக்குவது, எத்தனை பேர் வேண்டும் என்பதை எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டு, செவிலியரையும் உடனிருக்கும் உறவினரையும் தம் கண்முன்னே ஒருமுறை செய்யவைத்துப் பார்க்க வேண்டும்.