ஜி.ஆர்.இ. வெர்பலுக்குச் சொற்களைப் படிப்பது எப்படி?

ஜி.ஆர்.இ. என்பது பெரும்பாலும் வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் தேர்வு, வெர்பல் அதில் ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் பகுதி. ஆயிரம் சொல்லுக்குப் பொருள் தலைகீழாகத் தெரியும், ஆனால் வெர்பலில் மதிப்பெண் மட்டும் ஏறவில்லை என்றால், குறை எண்ணிக்கையில் இல்லை, படித்த விதத்தில் இருக்கிறது. 2011 வரை இந்தத் தேர்வில் எதிர்ச்சொல் கேள்வி இருந்தது. பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் அதில் கரையேறிவிடுவார்கள். அந்த ஆண்டு அதை எடுத்துவிட்டார்கள். இப்போது சொல் எங்கே வந்தாலும் வாக்கியத்துக்குள்தான் வரும். ஆனால் பலர் இன்னமும் அந்தப் பழைய தேர்வுக்கே படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது வெர்பலில் 27 கேள்விகள், 41 நிமிடம். ஏறக்குறைய பாதி பத்தி படித்து விடையளிப்பது, மீதிதான் நேரடியாகச் சொல்வளம். வெற்றிடத்தை நிரப்பும் டெக்ஸ்ட் கம்ப்ளீஷனில் மூன்று வெற்றிடம் இருந்து இரண்டைச் சரியாக நிரப்பினாலும் பூஜ்யம்தான். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸில் ஒரே வெற்றிடத்துக்கு ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தர வேண்டும். இங்கேதான் பொறி. அருமையாகப் பொருந்தும் ஒரு சொல் துணையில்லாமல் நிற்கும். ஒன்றுக்கொன்று இணையான இன்னொரு ஜோடி, வாக்கியத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் கண்ணை இழுக்கும். அரைகுறையாகத் தெரிந்த சொல் இரண்டிலும் காலை வாரிவிடும்.

அதனால் ஒரு சொல்லுக்கு அட்டை (முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் பொருளும் எழுதி, திரும்பத் திரும்பப் பார்க்கும் ஃப்ளாஷ் கார்டு) எழுதும்போது நான்கு விஷயம் வேண்டும்: அது வரும் ஒரு முழு ஆங்கில வாக்கியம், சரியான சாயலோடு தமிழ்ப் பொருள், அது பாராட்டா திட்டா நடுநிலையா என்பதற்கு ஒரு குறி, எதைப் பற்றிச் சொல்லப்படும் சொல் என்ற குறிப்பு. வாக்கியத்தை நீங்களே இட்டுக்கட்டாமல் நல்ல அகராதியிலிருந்தோ தரமான கட்டுரையிலிருந்தோ எடுங்கள். முன்பக்கத்தில் சொல்லைத் தனியாக எழுதாமல், வாக்கியத்துக்குள் அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

ஃப்ரூகல், பார்சிமோனியஸ் இரண்டையும் பார்ப்போம். பல பட்டியல்களில் இரண்டுக்கும் 'சிக்கனமான' என்றே இருக்கும். ஃப்ரூகல் சிக்கனம், பார்சிமோனியஸ் கஞ்சத்தனம். தமிழில் இந்த வித்தியாசம் நமக்குப் பளிச்சென்று தெரியும், அதை அட்டையில் எழுதாமல் விடுவதுதான் தப்பு. சிக்கனக்காரரைப் புகழும் வாக்கியத்தில் இரண்டையும் ஜோடியாகக் குறித்தால் விடை போச்சு. அதே பார்சிமோனியஸ் ஓர் அறிவியல் கோட்பாட்டைப் பற்றி வந்தால், தேவையற்ற அனுமானம் இல்லாதது என்ற பாராட்டாகிவிடும். நான்காவது குறிப்பு எதற்கு என்பது இப்போது புரியும்.

டாசிடர்ன், டெர்ஸ் இரண்டும் குறைவாகப் பேசுவது பற்றியவை. டாசிடர்ன் ஆளின் சுபாவம். டெர்ஸ் பேச்சின் அல்லது எழுத்தின் தன்மை. ஒரு பதில் டெர்ஸாக இருக்கலாம், டாசிடர்னாக இருக்காது.

இப்படிப் பொருளில் நெருங்கிய சொற்களை ஒரே நாளில் சேர்த்துப் படிக்காதீர்கள். வசதியாகத் தோன்றும், ஆனால் புதிதாக வந்தவை ஒன்றோடொன்று குழம்பி, எது எதுவென்றே தெரியாமல் போகும். ஒன்று நன்றாகப் பதிந்து, பத்து நாளாவது கழித்து அடுத்தது வரட்டும். எல்லாம் பதிந்தபின் ஒரு தாளில் கூட்டமாக எழுதி வித்தியாசத்தைக் குறியுங்கள். அகரவரிசைப் பட்டியலைக் கலைத்துப் போட்டுப் படிக்கச் சொல்வதும் இதனால்தான். எழுத்தில் ஒத்திருக்கும் இன்ஜீனியஸ் (புத்திசாலித்தனமான), இன்ஜென்யுவஸ் (சூதுவாதற்ற) போன்றவற்றுக்கும் இதே விதி.

மிரட்டும் நீளச் சொற்களைவிட, தெரியும் என்று நினைக்கும் சின்னச் சொற்களே அதிகம் கவிழ்க்கும். க்வாலிஃபை என்றால் தகுதி பெறுவது மட்டுமல்ல. சொன்ன கருத்துக்கு வரம்பு கட்டுவதும்தான். செக் தடுத்து நிறுத்துவது, ஃப்ளாக் சோர்ந்துபோவது, வான்ட் இல்லாமை, டெம்பர் தணிப்பது, பெடஸ்ட்ரியன் சுவையற்றது, கேத்தலிக் பரந்துபட்டது. சாங்க்ஷன் அனுமதியும் ஆகும், தண்டனையும் ஆகும். இவற்றுக்குத் தனிக் கட்டு ஒன்று வைத்து அதை முதலில் முடியுங்கள்.

வேர்ச்சொல் உதவும், அளவோடு. 'பேசு' என்ற பொருள் தரும் லத்தீன் வேரைத் தெரிந்துகொண்டால் எலக்வென்ட், லொக்வேஷஸ், சர்கம்லொக்யூஷன் மூன்றும் ஒரு கொத்தாகப் பிடிபடும். ஆனால் பார்க்க ஒரே வேர் மாதிரி இருந்தாலும், பெடஸ்ட்ரியனில் இருப்பது 'பாதம்', பெடகாகில் (ஆசிரியர்) இருப்பது 'குழந்தை'. எனர்வேட் பார்த்தால் எனர்ஜி மாதிரி இருக்கும். பொருளோ பலத்தை உறிஞ்சுவது. ரெஸ்டிவ் என்பதில் ரெஸ்டே இல்லை, நிலைகொள்ளாத தவிப்புதான். பதிந்த சொல்லைக் கட்டிவைக்க வேரைப் பயன்படுத்துங்கள், தெரியாத சொல்லை ஊகிக்க அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

அளவு: நாளுக்கு 15 புதுச் சொல். படித்த நாளிலிருந்து 1, 3, 7, 16, 35-ஆம் நாட்களில் திருப்புதல். ஒரு மாதம் கடந்ததும் தினமும் சுமார் 75 அட்டை வரும், மறந்தவற்றைச் சேர்த்தால் 90. ஒன்றுக்குப் பத்து விநாடி என்றால் 15 நிமிடம். புது அட்டை எழுத அரை மணி. 60 நாளில் 900 சொல், அது தாராளம். ஆங்கி போன்ற செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். மூன்று நாள் விட்டுப்போய் அட்டைகள் குவிந்தால், அவை தீரும்வரை புதுச் சொல் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். குவியல் மேலேயே புதிதை ஏற்றினால் பாதியில் கைவிட வேண்டியதாகிவிடும்.

அட்டையைத் திருப்புவதற்கு முன் பொருளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திருப்பிப் பார்த்துவிட்டு 'ஆமாம், தெரியும்' என்பது செல்லாது. பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, கேட்டதும் நினைவுக்கு வருவது வேறு. நான்கு முறை மறந்த அட்டையைக் கிழித்துப் போட்டு வேறு வாக்கியத்தோடு புதிதாக எழுதுங்கள். பெரும்பாலும் மோசமான வாக்கியம்தான் காரணம்.

மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் பத்துக் கேள்வி. விடைகளைக் கையால் மூடிக்கொண்டு, வெற்றிடத்துக்கு என்ன வர வேண்டும் என்று தமிழிலேயே சொல்லுங்கள். 'ஆல்தோ', 'ஃபார் ஃப்ரம்' போன்ற திருப்பச் சொற்கள் திசையைக் காட்டும். அதன்பிறகே கையை எடுங்கள். தவறிய கேள்வியின் பக்கத்தில் 'சொல் தெரியவில்லை' அல்லது 'வாக்கியம் புரியவில்லை' என்று எழுதுங்கள். இரண்டாவது வகை பாதிக்கு மேல் போனால் புதுச் சொற்களை நாளுக்கு ஐந்தாகக் குறைத்து, மிச்ச நேரத்தைப் பத்தி வாசிப்புக்குக் கொடுங்கள். கடைசிப் பத்து நாள் புதுச் சொல் வேண்டாம், இந்தத் தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனம் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றையாவது அந்த நாட்களுக்கென்று மிச்சம் வைத்திருங்கள்.