சாரல் ஊரில் லைக்கா எம்3: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரிலிருந்த லைட்ஸ் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட லைக்கா எம்3, பேட்டரியோ ஒளிமானியோ இல்லாமல் முழுக்க இயந்திர விசையால் இயங்கும் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என மலைக்கு இருபுறமும் படமெடுத்துவரும் நம்மவர்களில் எவரேனும் பழைய எம்3 ஒன்றை வாங்க எண்ணினால், விலை பேசுவதற்கு முன் அதன் வியூஃபைண்டரை, அதாவது கண்ணை வைத்துக் காட்சியைப் பார்க்கும் சாளரத்தை, சோதிக்க வேண்டும். இந்தக் கேமராவை இன்றும் பலர் தேடுவதற்கு முதற்காரணம் அதுதான்.

அதன் உருப்பெருக்கம் 0.91. வலக்கண்ணை வியூஃபைண்டரில் வைத்து இடக்கண்ணையும் திறந்திருந்தால், இரு கண்களும் காண்பது ஏறத்தாழ ஒரே அளவில் இணைந்து, எதிரேயுள்ள காட்சியின் மேலேயே, படத்தின் எல்லையைக் காட்டும் பிரேம் கோடு வரையப்பட்டிருப்பதாகத் தோன்றும். ரயில் நிலைய நடைமேடையில் ஒருவர் படத்துக்குள் நுழையும் முன்பே அவர் வருவதைக் கண்டு ஆயத்தமாகலாம். கண்ணாடி மேலெழும் கேமராக்களில் நேர்வதுபோல், ஷட்டர் திறக்கும் கணத்தில் காட்சி மறைவதும் இல்லை. கோடுகள் 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு மட்டுமே உண்டு, 35 மி.மீ. லென்ஸையே பெரிதும் விரும்புபவருக்கு இதே வரிசையிலுள்ள லைக்கா எம்2 பொருத்தமானது.

சோதிக்கும்போது லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி, தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தை நோக்குங்கள். வியூஃபைண்டரின் நடுவில், ஃபோகஸ் பார்ப்பதற்காக உள்ள சிறு செவ்வகத்தில் தெரியும் இரு பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும். சிறிதளவு விலகியிருந்தால் தேர்ந்த மெக்கானிக் சரிசெய்துவிடுவார். செவ்வகமே இருண்டிருந்தால் உள்ளேயுள்ள பட்டகத்தின் ஒட்டு விட்டிருக்கக்கூடும், அதைச் சீர்செய்யச் செலவு மிகும் என்பதால் அந்தக் கேமராவைத் தவிர்ப்பதே நலம் என்பது என் கருத்து. பிறகு லென்ஸைக் கழற்றி, ஷட்டரின் துணித்திரையில் ஊசித்துளைகள் உள்ளனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

ஃபிலிமை அடித்தட்டைக் கழற்றித்தான் போட வேண்டும். ஃபிலிம் சுற்றிக்கொள்ளும் எடுப்பு ஸ்பூலை வெளியே எடுத்து, ஃபிலிமின் முனையை அதில் செருகி, ரோலையும் ஸ்பூலையும் சேர்த்தே உள்ளே இறக்க வேண்டும். அடுத்த படத்துக்கு நகர்த்தும்போது திருப்பிச்சுற்றும் குமிழும் சுழன்றால் ஃபிலிம் சரியாகப் பிடித்திருக்கிறது. 1958க்கு முற்பட்டவற்றில் ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை இருமுறை தள்ள வேண்டியிருக்கும், அது பழுதன்று. ஐஎஸ்ஓ 400 ஒளியுணர்திறன் கொண்ட ஃபிலிமுக்கு, முழு வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப்16, ஷட்டர் வேகம் 1/500 நொடி என்று வைத்துத் தொடங்கலாம். லென்ஸ் வழியாகப் பார்க்கும் கேமரா அல்ல என்பதால், மூடியைக் கழற்றினோமா என்பதை ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். வெயிலில் நடக்கும்போது லென்ஸ் சூரியனை நோக்கியிருந்தால் துணித்திரை பொசுங்கித் துளைபடும். அப்போது மூடி அவசியம்.

ஆனி, ஆடிச் சாரல் நாள்களில் தோலுறைக்குள் பூட்டி வைத்தால் லென்ஸில் பூஞ்சை படரும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். அவ்வப்போது வெளியே எடுத்து, ஒரு நொடி முதல் 1/1000 வரை எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்கிப் பாருங்கள்.